பம்பரத்தின் இரண்டாவது 'ப'

எட்டாவது மாடிக்காரர்களுக்கு லிஃப்ட் என்பது அடுத்த வீட்டுக் கல்யாணம் மாதிரி. சத்தம் கேட்கும், சாப்பாடு கிடைக்காது. அந்த அடுக்குமாடி பிளாக்கில் லிஃப்ட் ஆறாவது மாடியில் நிற்கும், பிறகு பதினோராவது மாடியில்தான் நிற்கும். நடுவில் இருக்கிற ஜனங்கள் படி இறங்கிப் போய்த்தான் ஏற வேண்டும். 1982 ஜூலையில் ஒரு காலை, மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிரிஜட் லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டு, புத்தகப் பையோடு படியில் தாவினாள். லிஃப்ட் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் ஏழாவது மாடித் திருப்பத்தில் தொடை எலும்பு முறிந்து கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டு, பத்து வாரம் படுக்கையை விட்டு எழுப்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை இரண்டே நாள் அழுதாள். அவள் அம்மா அற்புதமேரிக்கு அழ நேரமில்லை. அவள் நாட்காட்டியை எடுத்து வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து வாரம் போனால் செப்டம்பர் கடைசி. அக்டோபரில் பரீட்சை.

சாதாரணப் பரீட்சையாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்து அடுக்குகிற பரீட்சை. தேறிய பிள்ளைகள் ஆங்கிலம், தமிழ் என்று இரண்டு மொழியும் படிப்பார்கள். தேறாத பிள்ளைகள் மானோலிங்குவல் என்ற வகுப்புக்குப் போவார்கள். அங்கே ஒரே மொழிதான், அதுவும் இங்கிலீஷ். தமிழ்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டியதுதான். அப்புறம் ஏதாவது கைத்தொழில். ஒன்பது வயதில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதி முடித்துவிடுவார்கள் என்று அற்புதமேரி பயந்தாள்.

"ஒரு வருஷம் போனா போகட்டும் மேரி. அடுத்த வருஷம் படிக்கட்டும் லா," என்றான் அவள் கணவன் சவரிராஜ். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறி, பொழுது சாய்ந்து வருகிறவன். அவன் சொன்னதில் பாசம்தான் இருந்தது, தப்பு ஒன்றுமில்லை.

"அடுத்த வருஷம் திரும்பப் படிக்க விடுவாங்கன்னு யாருங்க சொன்னது? எழுதாத பிள்ளையையும் எழுதித் தோத்த பிள்ளையையும் ஒரே கூடையில போட்டுட்டா?"

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"ஸ்கூல் இங்க வரட்டும்," என்றாள் அற்புதமேரி.

மகளுக்கு ஒரு கால் கட்டில். அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அவள் இதே ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்தவள். கட்டுரையில் எப்போதும் முதல். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம், அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் துடைப்பத்தைக் காட்டினார்கள். அவளுக்கு ஒரு மொழி இருந்தது, அது விலை போகவில்லை. மகளுக்கும் ஒரே மொழி என்றால், அது விலை போகிற மொழியாகவே இருந்தாலும் சரி, பாதிப் பிள்ளையைப் பெற்றதாகத்தான் அர்த்தம் என்று நினைத்தாள். இப்போது செராங்கூன் ரோட்டுத் தையல் கடை ஒன்றுக்கு வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பாசிரியை மிஸ் லீலாவைப் பிடித்தாள். லீலா மலையாளத்துப் பெண். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"டீச்சர், தினம் என்ன பாடம் நடத்துறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் வீட்டுல சொல்லிக் குடுக்கிறேன்."

"நீங்க தினம் இங்க வர முடியாதே மிசஸ் சவரி. பிள்ளையை யார் பார்ப்பா? வீட்டுல டெலிபோன் இருக்கா?"

"இருக்கு," என்று பட்டென்று சொல்லிவிட்டாள் அற்புதமேரி. பூசைக்குத் தவறாத பெண்மணி. ஆனாலும் அந்தப் பொய்க்காக அவள் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ததாகத் தெரியவில்லை.

பொய்யை மெய்யாக்க, வீடு திரும்பியதும் இரண்டு கதவு தள்ளியிருந்த சம்சுன்னிசாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். சம்சுன்னிசாவின் கணவர் ஒலி முகம்மது துணி வியாபாரி. அவருக்காக வீட்டில் டெலிபோன் இருந்தது, மேலே பின்னல் துணி போர்த்தி, கல்யாணப் பெண் மாதிரி. "சம்சு அக்கா, தினம் மத்தியானம் ஒண்ணேகாலுக்கு டீச்சர் போன் வரும், அஞ்சே நிமிஷம்," என்றாள். சம்சுன்னிசா துணியை விலக்கி, பக்கத்தில் ஒரு முக்காலியையும் இழுத்துப் போட்டாள்.

அப்படி ஆரம்பித்தது வீட்டுப் பள்ளிக்கூடம். காலையில் தொலைக்காட்சியில் பள்ளிகளுக்கான நிகழ்ச்சி வரும்போது, கட்டிலைத் திருப்பிப் போட்டு அம்மாவும் மகளும் சேர்ந்து பார்த்தார்கள். இலை எப்படிச் சாப்பாடு செய்கிறது என்பதைப் படத்தைப் பார்த்தே அற்புதமேரி புரிந்துகொண்டாள். கணக்கு சவரிராஜின் பொறுப்பு. இரும்புத் தகடு அளக்கிற ஆள், பின்னத்தில் புலி. மீதி எல்லாம் டெலிபோனில் வந்தது.

"லைன்ல இருக்கீங்களா?" என்று லீலா ஆரம்பிப்பார்.

"லைன்ல இருக்கேன் டீச்சர்."

லீலா சொல்லச் சொல்ல, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அற்புதமேரி எழுதிக்கொள்வாள். ஆங்கில எழுத்து அவளுக்குத் தெரியாது. காதில் விழுவதை அப்படியே தமிழில் எழுதுவாள். அதை மகளிடம் கொடுத்தால் அவள் ஆங்கிலமாக்கி எழுத வேண்டும். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது? நமக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. அவர்களுக்கு இருபத்தாறுதானே!

ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். முதல் வாரக் கடைசியில் கட்டுரை. தலைப்பு, பழக்கடையில். உதவிக்கு நான்கு சொற்களை லீலா சொன்னார். அற்புதமேரி அழகான கையெழுத்தில் பேர், பீச், பிக், பேக் என்று எழுதிக்கொண்டு வந்தாள். பிரிஜட் மல்லாந்து படுத்தபடி, வயிற்றின் மேல் தலையணை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதினாள். வெள்ளிக்கிழமை அற்புதமேரி அந்த நோட்டைப் பெருமையோடு கொண்டு போய்க் கொடுத்தாள்.

லீலா படித்தார். முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு அடக்க முடியாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

"மிசஸ் சவரி, உங்க மகள் போன பழக்கடையில ஒரு கரடி நிக்குது. கரடி கடற்கரைக்குப் போகுது. அதோட முதுகுல ஒரு பன்றி உட்கார்ந்திருக்கு!"

அற்புதமேரிக்குப் புரியவில்லை. லீலா ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொன்னது பேரிக்காய், பிள்ளை எழுதியது கரடி. அவர் சொன்னது பீச் பழம், பிள்ளைக்கு அது கடற்கரை. பறிப்பது பன்றியாகிவிட்டது. பழம் போடுகிற பை முதுகாகிவிட்டது. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான், ஒரே 'ப', ஒரே 'க்'. பாவம், தலைப்பு பழக்கடை என்பதால் பிள்ளை அந்த மிருகங்களை எல்லாம் கஷ்டப்பட்டு அங்கே கொண்டு வந்து சேர்த்திருக்கிறாள்.

சிரித்து முடித்ததும் லீலாவின் முகம் மாறியது. "இது சரிப்படாது. தமிழ்ல எழுதிக் குடுக்காதீங்க, பிள்ளை குழம்பிப் போறா. பாருங்க, நான் உள்ளதைச் சொல்றேன். பிரின்சிபல் கிட்ட செப்டம்பர்ல லிஸ்ட் குடுக்கணும். இந்த நிலைமையில நான் அவளைப் பரீட்சைக்கு ரெடின்னு எழுத முடியாது. ஒரு மொழி மட்டும் படிச்சா அவளுக்கும் ஈஸியா இருக்கும் இல்லையா?"

ஈஸி. அந்த ஒரு சொல் அற்புதமேரிக்கு நெருப்பாகச் சுட்டது. பிள்ளையின் காலை உடைத்தது லிஃப்ட். பிள்ளையின் படிப்பை உடைத்தது அம்மாவின் கையெழுத்தா? முதல் பரிசு வாங்கிய கையெழுத்து! நோட்டை வாங்கி மூடிக்கொண்டு, "எனக்கு ஒரு வாரம் குடுங்க டீச்சர். போனை மட்டும் நிறுத்திடாதீங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கோபத்தில் மெஷின் ஓடிய வேகத்துக்கு யாரோ ஒரு புண்ணியவதியின் ரவிக்கை இரண்டு சுற்று இறுகிப்போயிருக்கும். கட்டிலில் பிரிஜட் தமிழ்ப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "பம்பரம். பம்பரம் சுற்றியது. தம்பி பம்பரம்..."

மெஷின் நின்றது.

"இன்னொரு தடவ சொல்லு."

"பம்பரம்."

"மெதுவா. ப... ம்... ப... ரம். ரெண்டு ப'வும் ஒண்ணாவா கேக்குது?"

பிரிஜட் வாயைக் குவித்துக் குவித்துச் சொல்லிப் பார்த்தாள். கண் அகலமானது. "இல்லம்மா! முதல் ப முட்டுது. ரெண்டாவது ப மெத்துன்னு இருக்கு."

அற்புதமேரி எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுத்து ஒன்றாக இருந்தால் என்ன, சத்தம் இரண்டும் நம் வாயிலேயே இருக்கிறது. இடத்தைப் பார்த்து நாமே மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். கங்கணம் என்று சொல்லிப் பார்த்தாள். முதல் 'க' முட்டியது, 'ங்' பக்கத்தில் இருந்தது மெத்தென்று வந்தது. பட்டம், பண்டம். அதேதான்! துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து மகளின் மாவுக்கட்டு மேலேயே பம்பரம், கங்கணம், பண்டம் என்று பெரிதாக எழுதினாள். சிலேட்டுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்றேகால் மணிக்கு டெலிபோன் அடித்தது.

"டீச்சர், நீங்க சொன்ன சொல்லு, அது பம்பரத்துல முதல் ப'வா, ரெண்டாவது ப'வா?"

"என்ன பம்பரம்?"

"சும்மா சொல்லிப் பாருங்க டீச்சர். பம்பரம்."

மறுமுனையில் ஒரு ஆசிரியை, மற்ற ஆசிரியைகள் பார்த்துக்கொண்டிருக்க, பம்பரம் பம்பரம் என்று முணுமுணுத்தார். பிறகு, "ஓ!" என்றார். "எங்க மலையாளத்துல அதுக்குத் தனி எழுத்தே உண்டு."

"எங்களுக்குத் தனி எழுத்து இல்ல டீச்சர், வாய் இருக்கு," என்றாள் அற்புதமேரி. பணிவாகத்தான் சொன்னாள்.

எழுத்தின் தலையில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுப் பார்த்தாள். தாள் முழுக்க மளிகைக் கடைச் சிட்டை மாதிரி ஆனது. லீலா சொல்கிற வேகத்துக்குக் கை ஈடுகொடுக்கவில்லை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சம்சுன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"மேரி, நாங்க ஓதுற அரபு எழுத்துல உன்னோட முதல் ப கிடையவே கிடையாது, தெரியுமா? ரெண்டாவது ப மட்டும்தான். அதுக்கு அடியில ஒரு புள்ளி வைப்போம். நீயும் அடியில ஒரு புள்ளி வெச்சுட்டுப் போயேன். இதுக்கு எதுக்குக் கணக்கு வழக்கு?"

அற்புதமேரி சம்சுன்னிசாவின் வெங்காயக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அன்றிலிருந்து மெத்தென்ற எழுத்துக்கு அடியில் ஒரு பொட்டு. பேக் என்று எழுதி இரண்டு எழுத்துக்கும் பொட்டு வைத்தால் பை. முதல் எழுத்துக்கு மட்டும் வைத்தால் முதுகு. பொட்டே இல்லாவிட்டால் மூட்டை கட்டுவது. "கோயிலுக்குப் போகும்போதுகூட நான் பொட்டு வெச்சது இல்ல. இப்போ எழுத்துக்கெல்லாம் வெச்சு விடுறேன்," என்று சவரிராஜிடம் சொல்லிச் சிரித்தாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி பிக், பிக், பிக் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். பறிப்பதும் பெரியதும் பன்றியும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்தன.

அதற்காக எல்லாம் பழம் நழுவிப் பாலில் விழுந்துவிடவில்லை. பிள்ளைக்கு மாவுக்கட்டுக்குள் அரிப்பு. அரிக்கிற நாளில் புத்தகத்தைத் தூக்கி எறிவாள். "நான் மானோவுக்கே போறேன், விடும்மா!" என்று கத்துவாள். அற்புதமேரி பின்னல் ஊசியைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்து கொடுப்பாள், எறிந்த புத்தகத்தை எடுத்து வந்து அதே பக்கத்தைத் திறப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அடித்தும்விட்டாள். அடித்த கையைப் பார்த்துச் சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்து மணி பார்த்தாள், ஒன்று பத்து. முகத்தைக் கழுவிக்கொண்டு டெலிபோனுக்குப் போனாள்.

செப்டம்பரில் லிஸ்ட் கொடுப்பதற்கு முந்தின நாள் லீலா ஒரு வேலை செய்தார். வேண்டுமென்றே கண்ணி வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இருபது சொற்களைச் சொன்னார். கோட்டும் ஆடும் அடுத்தடுத்து. குளிரும் தங்கமும் அடுத்தடுத்து, கோல்டும் கோல்டுமாக. கரடி, பேரிக்காய், கடற்கரை, பீச் பழம், எல்லாம் கலந்து. அற்புதமேரி ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கவில்லை. முதலா, இரண்டாவதா என்று மட்டும் கேட்டாள். தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிரிஜட் எழுதியதை அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்தில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, லீலா திருத்தும் வரை நின்றாள்.

இருபதுக்குப் பத்தொன்பது.

தப்பான அந்த ஒன்றில் லீலா சிவப்பு மையால் சுழித்திருந்தார். ஆடு இருக்க வேண்டிய இடத்தில் கோட் இருந்தது. "அது என் தப்பு டீச்சர்," என்றாள் அற்புதமேரி. "சம்சு அக்கா வீட்டுல அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடிச்சிருச்சு. பிள்ளை மேல தப்பில்ல."

லீலா அவளை நிமிர்ந்து பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பிரிஜட்டின் பெயருக்கு நேரே எதையோ எழுதினார். "அக்டோபர்ல அவளைக் கூட்டிட்டு வாங்க. எப்படிக் கூட்டிட்டு வருவீங்கன்னு எனக்குத் தெரியாது."

மாவுக்கட்டைப் பிரித்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் ஆயிஷா அதன் மேல் இருந்த எழுத்துகளைப் பார்த்து, "இது என்ன மந்திரமா?" என்று கேட்டாள். "பம்பரம்," என்றாள் பிரிஜட் மரியாதையாக. கால் வெளுத்து ஒல்லியாக இருந்தது. ஊன்றுகோல் இருந்தும் படி இறங்கத் தைரியம் வரவில்லை. பரீட்சை நாளன்று சவரிராஜ் லீவு போட்டான். அவனும் ஒலி முகம்மதுவும் சாப்பாட்டு மேசை நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி, எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கினார்கள். ஏழாவது மாடித் திருப்பத்தில் பிரிஜட் கண்ணை மூடிக்கொண்டாள். அற்புதமேரி முன்னாலேயே ஓடிப் போய் லிஃப்ட் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை லிஃப்ட் காத்திருந்துதான் ஆக வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு மாதம். அற்புதமேரி தைத்த ரவிக்கைகளில் கை மாறித் தைத்தது இரண்டு. சவரிராஜ் எதுவும் கேட்காமல் தினமும் வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பான். ஞாயிறு பூசையில் மாதாவிடம் அவள் நீளமாக எதுவும் வேண்டவில்லை. ரெண்டு மொழி, ரெண்டு மொழி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

நவம்பர் நடுவில், பாடமெல்லாம் முடிந்து டெலிபோன் ஓய்ந்து கிடந்த ஒரு மத்தியானம், சரியாக ஒன்றேகாலுக்கு அது அடித்தது. சம்சுன்னிசா வாசலில் நின்று கூவிய கூவலுக்குப் பிளாக்கே திரும்பிப் பார்த்தது. அற்புதமேரி ஓடினாள்.

"லைன்ல இருக்கீங்களா மிசஸ் சவரி?"

"இருக்கேன் டீச்சர்."

"பேப்பர், பென்சில் இருக்கா? எழுதிக்குங்க." லீலாவின் குரல் வகுப்பில் சொல்லுகிற குரலாக இருந்தது. "நார்மல். பைலிங்குவல்."

அற்புதமேரி எழுதினாள். கை தன்பாட்டுக்கு எழுதியது.

"பைலிங்குவல்னா ரெண்டு மொழி," என்றார் லீலா. பிறகு சிரித்துக்கொண்டே, "பம்பரத்துல ரெண்டாவது ப," என்றார்.

அற்புதமேரிக்கு டெலிபோனை வைக்கத் தெரியவில்லை. சம்சுன்னிசா வாங்கி வைத்தாள். அற்புதமேரி தாளைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடி வந்தாள். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று விழுந்தது. பிரிஜட் ஊன்றுகோலில் வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். தாளை அவள் கையில் கொடுத்தாள்.

பிரிஜட் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். புருவம் ஒன்று மேலே போயிற்று.

"அம்மா. பொட்டு வைக்கல."

"எங்க?"

"இங்க, ப'வுக்கு. கு பரவாயில்ல, ங் பக்கத்துல இருக்கு, அது தானா மெத்துன்னு வந்துடும். ப'வுக்கு வைக்கணும் இல்ல? இப்படி விட்டா அது பழம் வாங்குற பை."

அந்தக் குக்கர் விசிலைத் தவிர, இத்தனை வாரத்தில் ஒரு பொட்டும் தவறவிடாதவள். அற்புதமேரி தாளைப் பார்த்தாள். எழுத்துகள் எல்லாம் தண்ணீரில் மிதந்தன.

"எனக்குக் கண்ணு தெரியல கண்ணு," என்றாள். "நீயே வெச்சுடு."

பிரிஜட் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, அந்த 'ப'வுக்கு அடியில் ஒரு பொட்டு வைத்தாள்.